மூன்று சுழி

நடக்கும்போது ஒன்றுமில்லை.
நோர்வூட் பாலத்திலிருந்து மேல்பிரிவு லயம் வரை
தோளில் காக்கிப் பை, கக்கத்தில் குடை,
அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்த கால்.
ஏற்றத்தில் கூட வரும் நாய்க்குத்தான் மூச்சு வாங்கும்.

நின்றால்தான்.

பன்னிரண்டு வினாடி போகும்.
முழங்காலுக்குக் கீழே யாரோ
தையல் மிஷினை மிதிக்கத் தொடங்குவார்கள்.
வெளியே பார்த்தால் காற்சட்டைத் துணி
லேசாகச் சிலுசிலுக்கும், அவ்வளவே.
எனக்கோ தரையே இல்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் ரணவீர டொக்டர்
குழாயை நெஞ்சில் வைக்காமல்
கெண்டைக்காலில் வைத்தார்.
எழும்பி நிற்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.
பிறகு என் காதில் மாட்டிவிட்டார்.
தூரத்தில் ஒரு ஹெலிகொப்டர்.
வருகிறது, வருகிறது,
இறங்க இடமில்லாமல் அங்கேயே சுற்றுகிறது.
துண்டில் நீளமாக ஒரு பெயர் எழுதினார்.
இரவுக்கு அரைக் குளிசை.
"சாக மாட்டீங்க. சுகமாகவும் மாட்டீங்க."
அவருக்குத் தமிழ் அவ்வளவுதான் வரும்,
அதனால் சுற்றி வளைக்காமல் சொல்ல முடிந்தது.

அதன் பிறகு ஊர் எனக்கு வேறு வரைபடம்.
எந்த இஸ்தோப்பில் சாயச் சுவர் உண்டு,
எந்தக் கடைக்காரன் பெஞ்சை உள்ளே இழுத்துக்கொள்வான்,
எந்தப் பஸ்ஸில் கம்பி உறுதி.
கோயிலில் மூன்றாவது தூண் என்னுடையது.
தீபாராதனையில் சாமியைவிட
அதைத்தான் இறுகப் பிடிப்பேன்.
போன மாதம் ஒரு சாவு வீடு, இரண்டு நிமிட மௌனம்.
நான் மட்டும் நின்ற இடத்திலேயே நடந்தேன்.
"காலையிலயே போட்டிருக்கான்" என்றது பின்வரிசை.
மௌனம் கலையாத குரலில்.

"நின்னு நிதானமா சொல்லுங்க" என்பாள் தெய்வானை,
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.
அவள் மேல் பிழையில்லை.
நிற்பதையும் நிதானத்தையும்
தமிழ் எப்போதோ கட்டிவைத்துவிட்டது.

கேஸ் இல்லாத அந்த வருஷம் மட்டும்
ஹட்டன் டவுனே சிலிண்டரில் உட்கார்ந்திருந்தது.
ஐந்து மணித்தியாலம். நானும் உட்கார்ந்தேன்.
யாரும் ஏனென்று கேட்கவில்லை.
அந்த நாட்களை எல்லோரும் திட்டுகிறார்கள்.
நானும் சேர்ந்து திட்டுவேன், கொஞ்சம் மெதுவாக.

சாதாரணக் கடிதமென்றால் நீட்டுவேன், நடப்பேன்.
பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வேண்டும்.
கையெழுத்துக்கு நிற்க வேண்டும்.

ஒன்பதாம் காம்பரா, பரிபூரணம்.
கொழுந்துக் கறை விரலில் பேனா அமரவே
நேரம் எடுக்கும்.
பெருவிரல் போதும் என்றால் கோபம் வரும்:
"எனக்குப் பேரு இருக்குல்ல?"
ஆறு எழுத்து.

ப. கால் சும்மா இருக்கிறது.
ரி. கெண்டையில் முதல் ஊசி.
பூ. மிஷின் ஓடுகிறது.
ர.
நிமிர்ந்து கேட்டார்,
"அடுத்தது ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

மூணு என்றேன்.
தகரக் கூரையில் மழை. சாய வேண்டிய சுவரோரம்
ஈர விறகு அடுக்கியிருந்தது.
மூணு என்று மறுபடி சொன்னேன்,
அந்த எழுத்தை இவ்வளவு நீளமாக யார் செய்தார்கள்?

என் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.
"நிக்காதீங்க. நடங்க, நானும் வர்றேன்."

லயத்து வாசலோடு, கோழிகள் சிதற,
குடையை என்னிடம் தந்து
என் பையின் முதுகில் தாளை அழுத்தி
நடந்துகொண்டே எழுதினார்.
ஒன்று. பீலிக்கரையில் இரண்டு.
மூன்றாவது சுழி காணைத் தாண்டும்போது.
கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தது
கடைசிக் காம்பராவுக்கு முன்னால்.
சரி போங்க என்று திரும்பிப் போய்விட்டார்.
கடிதத்தை இன்னும் பிரிக்கக்கூட இல்லை.

மாலை தபாலதிபர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
"யாருக்குப்பா இப்படிக் கை நடுங்குது?"

அவர் மேசையில் சாய்ந்தபடி சொன்னேன்,
"கை இல்ல சேர். கால்."